உருகிப்போன கினி

டாக்டர்,

இன்று காலை உங்கள் மகள் வந்திருந்தாள். நீங்கள் கண்மூடிய பிறகு இப்போதுதான் உங்கள் அலமாரியை ஒழிக்கிறார்களாம். கையில் உங்கள் காசுப் பெட்டி. மூடியைத் திறந்ததும் நீங்கள் போட்டுவைக்கும் கற்பூரத்தின் வாசனை.

"எது அசல், எது போலின்னு நீங்களே பிரிச்சுக் குடுங்க மாமா. அப்பா உங்க வார்த்தையத்தான் நம்புவாங்க" என்றாள். அவள் காதில் நீங்கள் செய்துபோட்ட அந்தத் தோடு.

ஒரத்தநாட்டில் மாட்டுக்கு ஊசி போட்ட கையோடு பஸ் ஏறி, தஞ்சாவூர் நாணயக் கண்காட்சிக்கு வந்துவிடுவீர்கள். நடவு நேரத்தில்கூட வயலை ஆளிடம் விட்டுவிட்டு நானும் வந்துவிடுவேன். இருவரும் தேடியது ஒரே காசு: இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்துத் தங்கக் கினி. அதிலும், மன்னரின் கழுத்துக்குக் கீழே கம்பெனியின் மூன்று எழுத்து பொறித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த தங்கத்தில் அடித்தது என்பதற்கு அதுதான் அடையாளம். படத்தில் மட்டுமே பார்த்திருந்தோம்.

அது உங்களுக்குக் கிடைத்தது. திருத்துறைப்பூண்டியில் மாடு பார்க்கப் போன வீட்டில், பழைய சங்கிலியில் கோத்துக் கிடந்ததாம். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, நேரே என் வீட்டுக்கு வந்தீர்கள். "பாருங்க, அசல்தானே?" என்று உள்ளங்கையில் வைத்தீர்கள்.

லென்ஸில் பார்த்த மறுகணமே அசல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்று பொறாமை.

"தங்கம் நிஜம் டாக்டர். காசு போலி. அச்சுல அடிச்சதில்ல, உருக்கி வார்த்தது" என்றேன்.

வெறுத்துப்போய் என்னிடமே தள்ளிவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்களோ நாலைந்து நாள் கழித்து நகைக்கடையிலிருந்து போன் செய்தீர்கள். "பொண்ணுக்குத் தோடு பண்ணிடலாம்னு வந்தேன். பத்தர் உருக்கப் போறார். குடுத்துடவா?"

'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பொய் வெளிப்பட்டுவிடுமே என்று பயந்தேன். "குடுத்துடுங்க" என்றேன்.

இன்று உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காதிலிருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் அப்பா ஒரு காசுகூட வாங்கல மாமா. 'என் கண்ணை இனிமே நம்ப முடியாதும்மா'ன்னு சொல்லிட்டாங்க. வேலை ஜாஸ்தின்னு உங்ககிட்ட சும்மா சொன்னாங்க."

எனக்கு இது தெரியாது, டாக்டர். கண்காட்சியில் உங்களைக் காணாதபோதெல்லாம், வேலைதான் என்று நானும் நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள். "சென்னையில யார்கிட்டயாவது காட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல்வரை போய் நான் வழியனுப்பவில்லை.

உங்கள் கண் தப்பாகப் பார்க்கவில்லை. நீங்கள் இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.