வேலிக்கு மேலால் ஒரு வயர்

9, திங்கள்

இல்லை, காற்று காரணமில்லை. சோளகக் காற்று நாலு நாளாக அடிக்கிறது, சரி. ஆனால் காற்று விட்ட நேரத்திலும் ரவுட்டரில் சிவப்பு லைட். குறித்து வைத்தேன்:

காலை 7.10
10.40
பின்னேரம் 4.05

ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் இன்டர்நெட் இல்லை.

வியாழன் 2.30க்கு நேர்முகம். வெளிநாட்டில் மேற்படிப்பு, ஒரே ஒரு இடம். மின்னஞ்சலின் கடைசி வரி: இணைப்பு அறுந்தால் அடுத்தவரை அழைப்போம். அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கைபேசி சிக்னல் வீட்டுக்குள் ஒரு கோடு. ஊர்காவற்றுறை ஜெற்றியடியில் மூன்று. காரைநகர் படகுக்கு நிற்கும் சனத்தின் நடுவில் நின்று "எனது ஆய்வின் நோக்கம்" என்று தொடங்க ஏலாது.

சாப்பிடவில்லை. நகம் கடித்தது.

10, செவ்வாய்

லைன் திருத்த ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிள், புருவமெல்லாம் தூசி. முன் ஹோலில் இருக்கும் போனுக்கு முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி போட்டார். பில்டர். ஒரே கம்பியில் குரலும் இன்டர்நெட்டும் வருகின்றன. பிரிக்காவிட்டால் ஒன்றை ஒன்று குழப்பும்.

"வேற போன் ஏதும் இருக்கோ தங்கச்சி? எல்லாத்துக்கும் இது வேணும். ஒண்டை விட்டாலும் அறுத்துக்கொண்டுதான் இருக்கும்."

நான் வாயைத் திறக்க முன் அம்மா:

"இல்லைத் தம்பி, இது ஒண்டுதான். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

அவர் போன பிறகு கேட்டேன். "பெரியம்மா வீட்டு வயர்?"

"அதைச் சொல்லி, களவாய் இழுத்த லைன் எண்டு அவர் அறுத்துக்கொண்டு போகட்டோ? கொப்பா இழுத்தது. இவ்வளவு காலம் ஒண்டும் நடக்கேல்லை."

அப்பா இருந்த காலம். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் பக்கத்து வளவிலிருந்து பெரியம்மா ஓடிவர வேண்டும். ஒருநாள் விழுந்து முழங்கால் போனது. மறுநாளே அப்பா, கூரைக்குக் கீழே லைன் வந்து சேரும் இடத்தில் ஒரு வயரைக் கட்டி, வேலிக்கு மேலால் கொண்டுபோய் அவர் வீட்டுச் சுவரில் ஒரு போன் பூட்டினார். இரண்டு வீடு, ஒரே இலக்கம்.

அந்தப் போனுக்கு பில்டர் இல்லை.

11, புதன்

7.10. சிவப்பு. பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். பெரியம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி. பேச்சில்லை.

"ஆரோட பெரியம்மா?"

"ஒருத்தரோடயும் இல்லை. கூ எண்டு கேக்குதோ எண்டு பாக்கிறனான். போன் செத்துக் கிடந்தா தம்பி எடுத்தும் என்ன?"

தம்பி என்றது அவரின் மகனை, பாரிஸ் அண்ணாவை. தைப்பொங்கலோடு அழைப்பு நின்றது.

"நீங்கள் எடுக்கலாம்தானே?"

"நான் ஏன் எடுக்க? பிள்ளையெல்லோ தாய்க்கு எடுக்கிறது. நீ உன்ர கொம்பியூட்டரைப் பார். போற நாட்டில ஐஸ் கொட்டுமாம், போய் விறைச்சுச் சாகு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பரீட்சித்துப் பார்க்க, இன்று பத்திலிருந்து பதினொன்று வரை ரிசீவரைத் தொடவேண்டாம் என்றேன்.

"ஓம் ஓம்."

10.40. சிவப்பு.

கேட்டால், "மறந்து போனன் பிள்ளை, கை தானாய்ப் போகுது."

இன்னொரு பில்டர் இல்லை. இருந்தாலும் அவருடைய போன் சுவரோடு பூட்டியது, செருக வழியில்லை. நாளைக்கும் கை தானாய்ப் போகும்.

12, வியாழன்

அம்மா காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம், கண் கிளினிக்.

2.10. கதிரையில் ஏறி, கூரைக்குக் கீழே பெரியம்மாவின் வயரை வெட்டினேன். நகவெட்டியால். இரண்டு மெல்லிய இழை. முடிந்த பிறகு கட்டிவிடலாம் என்று மனதுக்குச் சொன்னேன்.

2.30. மூன்று முகங்கள். பச்சை லைட். இணைப்பு ஒரு தரமும் அறவில்லை.

2.48. ஹோலில் போன் அடித்தது. திரையில் படம் உறையவில்லை, பில்டர் வேலை செய்கிறது. நான் ஆய்வு முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேசியபடியே மணி அடிப்பதை எண்ணினேன். ஒன்பது. நின்றது. திரும்ப அடித்தது. ஆறு. எழும்பவில்லை.

சிரித்து, நன்றி சொன்னார்கள். நல்லாய்ப் போனதுபோல. தெரியாது.

யார் எடுத்தது? பழைய போன், இலக்கம் காட்டாது. அம்மா என்றால் என் கைபேசிக்கு எடுப்பா. ஏதாவது கொம்பனியாக இருக்கும். இருக்கலாம்.

பிறகுதான் உறைத்தது. அந்த வயரை பில்டருக்கு அப்பால், போன் பக்கத்தில் கட்டியிருக்கலாம். இரண்டு போனுக்கும் ஒரே பெட்டி போதும். பத்து நிமிட வேலை. முழு நாள் இருந்தது. வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

4.05. வேலிக்கு அங்காலிருந்து:

"பிள்ளை! கூ கேக்கேல்லை. உங்கட போன் வேலை செய்யுதோ?"

"காத்துக்கு ஏதோ" என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். வயரை பில்டரின் போன் பக்கத்துக்குக் கொண்டுவந்து முறுக்கி, டேப் சுற்றினேன். பச்சை அப்படியே.

போய்ச் சொன்னேன். நான்தான் வெட்டினது என்று. இடையில் போன் அடித்தது, எடுக்கவில்லை என்று.

பெரியம்மா ஏசவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று:

"எத்தினை ரிங் அடிச்சது?"

"ஒன்பது. பிறகு ஆறு."

"ரெண்டு தரமோ."

கதிரையில் இருந்தார். முழங்காலைத் தடவியபடி.

மேசையிலிருந்த அவரின் போன் இலக்கக் கொப்பியை எடுத்து, பாரிஸ் இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.