எப்போதும் இதையே, இனிக் கேட்க வேண்டாம்

நாள் 211 — 07:40

பொருநை-3, சரக்குக் கப்பல். செவ்வாய்க்குப் போகும் பாதை. பணியாளர் ஒருவர்: நான், கோமதி, மென்பொருள் பராமரிப்பு. கரியமில வாயு 0.4 சதவீதம். வெப்பம் 23 பாகை. தண்ணீர் சரி.

குரல் அனுப்பும் கருவி பழுதாகி இன்றோடு முப்பது நாள். தரையில், அதாவது பூமியின் கட்டுப்பாட்டு அறையில், பேசுவது எனக்குப் பத்தொன்பது நிமிடம் கழித்துக் கேட்கும். என்னிடமிருந்து எழுத்து மட்டும்தான் போகும். கருவிகளின் அளவுகளும் அந்த எழுத்தறிக்கைக்குள்தான். அதற்கு ஒரே வாசல் கப்பலின் எடிட்டர், தட்டச்சு செய்து சேமிக்கிற மென்பொருள்.

இது மட்டும் காகித நோட்டு, பென்சில். யார் கையில் கிடைக்கிறதோ அவர்களுக்கு.

நாள் 211 — 13:15

எடிட்டரில் கூடுதலாகப் பொருத்திய ஒரு சிறு நிரல், செருகுநிரல், இருக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எந்த ஃபார்மேட்டர் வேண்டும் என்று கேட்கும். நாம் எழுதியதை நேராக்கி, இடைவெளி திருத்தி, வரிசைப்படுத்துகிற நிரல்தான் ஃபார்மேட்டர். கப்பலில் மூன்று உண்டு. தரையில் மூன்று அணிகள். ஒரே மேசையில் காபி குடிப்பார்கள், ஒரே ஃபார்மேட்டருக்கு மட்டும் ஒத்துவர மாட்டார்கள். ஆளுக்கொன்று எழுதி வைத்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் வேலையை இந்தச் செருகுநிரலோடு சேர்த்து என் தலையில் கட்டினார்கள்.

வீட்டில் இருக்கும் என் மகள் நிலானிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு வயது. மூன்று நாளாக இருமல், மருந்தைத் துப்பிவிடுகிறாளாம். வரிக்கு வரி சேமிக்கிற பயந்தாங்கொள்ளி நான். வரிக்கு வரி அந்தக் கேள்வி. இருபதாவது தடவை பட்டியலில் கடைசியாக இருந்ததை அழுத்தினேன். பெயர் 'செப்பம்'. கீழே ஒரு கட்டம்: எப்போதும் இதையே, இனிக் கேட்க வேண்டாம். அதையும் அழுத்தினேன்.

அப்பாடா என்று இருந்தது.

நாள் 216 — 09:05

கரியமில வாயு 1.1. காற்றுச் சுத்திகரிப்பான் இரைகிறது. மாற்றாக இரண்டாவது ஒன்று இருக்கிறது. அதன் பூட்டைத் திறக்கத் தரையின் சாவி எண் வேண்டும். கேட்டு எழுதினேன்.

நாள் 216 — 11:20

தரையில் எனக்குப் பொறுப்பாளர் இசக்கிராஜா. அவனுடைய பதில்:

"அறிக்கை கெடச்சிட்டுக்கா. அளவெல்லாம் கச்சிதம். ஒங்க அறிக்கையத்தான் புதுசா சேந்தவங்களுக்கு மாதிரியா காட்டுதோம். மத்தவங்க அனுப்புறத வாசிச்சா கண்ணு வலிக்கு."

சாவி எண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த செய்தியில் வரும்.

நாள் 218 — 08:30

1.9. நான்கு முறை கேட்டாகிவிட்டது. காலையிலிருந்து தலைவலி. தரை: "எல்லாம் நல்லா போயிட்டிருக்குக்கா. ரெஸ்ட் எடுங்க."

நான் ஏதாவது தப்பாகக் கேட்டேனா? யாருக்காவது என் மேல் கோபமா? பழைய கடிதங்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

நாள் 219 — 16:10

ஞாயிறு. வீட்டுக் குரல் வந்தது. கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

என் கணவர் முருகேஷ்: "காய்ச்சல் இல்ல. இருமலும் கொறஞ்சிட்டு. நீ எழுதினத வாசிச்சுக் காட்டுனேன், ஒக்காந்து கேக்க மாட்டேங்கா. இந்தா, நீயே ஒங்கம்மாட்ட சொல்லு."

நிலானி: "அது அம்மா எழுதல. மருந்து பாட்டில்ல ஒட்டியிருக்க பேப்பர் மாரி இருக்கு."

முருகேஷ், சிரிப்போடு: "வாயப் பாரு. அம்மா வேலைல இருக்காள்லா, அப்படித்தான் எழுதுவா."

மூன்று முறை போட்டுக் கேட்டேன். செப்பம் திருத்துவது சேமித்த பிரதியில்தான், எழுதும்போது திரையில் தெரியாது. பிறகு, அனுப்பிய கடிதத்தை முதல்முறையாகத் திறந்து பார்த்தேன்.

நான் எழுதியது: "நிலானிக்குட்டி, மருந்தத் துப்புனா அம்மாவுக்கு இங்க அழுகை வரும். தேன்ல கொழச்சுத் தரச் சொல்லு. அப்பா சட்டைல வாயத் தொடைக்காத."

போயிருப்பது: "பெறுநர்: நிலானி. பொருள்: மருந்து. துணைப்பொருள்: தேன். அனுப்புநர் நலம்."

நாள் 219 — 18:45

செப்பத்தின் விதிகளைப் படித்தேன். வரம்பு மீறிய எண் வந்தால் தட்டச்சுப் பிழையாகக் கொண்டு, முந்தைய சரியான எண்ணை இடும். வேண்டுகோள், வருத்தம், 'நான்' என்று வருகிற வாக்கியம், எல்லாம் நீக்கம். அறிக்கைக்கு அழகு அதுதான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நான்கு நாளாக 0.4 என்றே போயிருக்கிறது. சாவி எண் கேட்டு நான் எழுதியது எதுவுமே போகவில்லை.

செருகுநிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து 'எப்போதும்' என்ற வரியை அழித்துச் சேமித்தேன். சேமித்த நொடியில் அந்தக் கோப்பையும் செப்பம் திருத்தியது. விடுபட்ட வரி என்று அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. பதினோரு தடவை அழித்தேன். பதினோரு தடவையும் வந்து உட்கார்ந்தது. செருகுநிரலையே நீக்கலாம். அதற்கும் தரையின் சாவி எண் வேண்டும்.

நாள் 221 — 10:00

3.2. எண்ணை எழுத்தால் எழுதினேன், எண்ணாக்கி, திருத்தியது. வரிகளின் முதல் எழுத்தைக் கூட்டினால் 'காற்று' வரும்படி அடுக்கினேன், அகரவரிசையில் மாற்றிவிட்டது. காலி வரிகளைக் கூட்டியும் குறைத்தும் விட்டேன். எல்லாவற்றையும் ஒற்றைக் காலி வரியாக்கியது.

எழுதுவதைத்தானே அதால் திருத்த முடியும். எழுதாமல் இருந்தால்?

அன்றாட அறிக்கை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் ஆள் மயங்கிக் கிடப்பதாகக் கொண்டு, தரையே இரண்டாவது சுத்திகரிப்பானைத் திறக்கும். அது விதி. மூன்று நாள்தான். பிரசவ வலியே இரண்டு நாள் தாங்கினேன்.

நாள் 222 — 18:05

3.7. அறிக்கை எழுதவில்லை. கடிதமும் எழுதவில்லை. அசையாமல் படுத்திருக்கிறேன், மூச்சு மிச்சமாகட்டும் என்று.

நாள் 223 — 18:05

4.1. எழுதவில்லை. இத்தனை படித்தவர்கள் இருக்கும்போது, எழுதியது நான் இல்லை என்று நிலானி ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. நீ சொன்னதுதான் சரி என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். இந்த நோட்டைப் படிக்கிறவர்கள் சொல்லிவிடுங்கள்.

தும்மலோ இருமலோ இல்லாத ஒரு சத்தம் கேட்கிறது. என் மூச்சுதான்.

நாள் 224 — 18:05

4.6. மூன்றாவது நாள். எழுதவில்லை. முடிந்தது. இனி அவர்கள் பாடு. பூட்டுத் திறக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து

நாள் 224 — 18:52

இசக்கிராஜாவின் செய்தி வந்தது. மெதுவாக எழுதுகிறேன். பென்சில் நழுவுகிறது.

"அறிக்கை கெடச்சிட்டுக்கா. முந்தாநாளும் சரி, நேத்தும் சரி, இன்னைக்கும் சரி, ஒரு நிமிசம் பிந்தல. காத்து 0.4. வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். நிலானிதான் அம்மாவக் காணோம்னு ஒரே அழுகையாம். சின்னப் பிள்ள, ரெண்டு நாள்ல சரியாயிரும். நீங்க ஒண்ணும் நெனைக்காதீய."

எடிட்டரைத் திறந்தேன். பதினெட்டு மணிக்கு அது தானாகச் சேமித்து அனுப்பும். காலியாக இருந்தால் செப்பம் முந்தைய நாளுடையதை எடுத்து நிரப்பும். கீழே என் பெயர்.

அனுப்பும் பெட்டியில் நாளைய அறிக்கை தயாராக இருக்கிறது. நாளை மறுநாளுடையதும். விரல் வலிக்க உருட்டினேன். கடைசியில் இருப்பது:

நாள் 390. செவ்வாயில் இறக்கம். கரியமில வாயு 0.4. அனுப்புநர் நலம்.