டிபன் பாக்ஸில் ஒரு பிடி உப்பு

12.7.2005, செவ்வாய்
கொளுத்தும் வெயில். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இன்னும் பாக்கி. அம்மா உப்பளத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். உப்போடு அடிக் களிமண்ணையும் சேர்த்து வாருகிறாள் என்று மேஸ்திரி சண்டை. இன்னொரு தடவை மண் வந்தால் வேலை கிடையாதாம். சாட்சிக்கு டிபன் பாக்ஸில் ஒரு பிடி உப்பு கொண்டுவந்திருந்தாள்.

"நீயே பாருடி, பால் மாட்டம் இருக்குது. அந்தாளுக்குத்தான் கண்ணு அவிஞ்சி போச்சு!"

சாம்பல் நிறம். மண்ணேதான். "ஆமாம்மா" என்றேன். பொய்.

அம்மாவுக்குப் பார்வை மங்கி ஒரு வருஷம். உப்பு வெள்ளை கண்ணில் ஒட்டியிருக்கிறது, மழை வந்து வேலை நின்றால் தெளியும் என்று அளத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். போன மழைக்குத் தெளியவில்லை.

14.7.2005, வியாழன்
காலேஜில் கெஸ்ட் லெக்சர். சென்னையிலிருந்து ஒரு விஞ்ஞானி மேடம். ஃபேன் ஓடவில்லை. தலைப்பு ஃப்ரீ ராடிக்கல்ஸ். ஜோடி இல்லாத எலக்ட்ரான், பக்கத்து மூலக்கூறிடம் பிடுங்கும், அது இன்னொன்றிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூனிமேடு சபீனா என் காதில்: "நம்ம கிளாஸ் பசங்கடி." சிரிப்பு அடங்கவில்லை.

அப்புறம் கண் லென்ஸ் படம். வயசு, வெயில், இந்தப் பிடுங்கல் எல்லாம் சேர்ந்து லென்ஸ் வெளுத்துப்போகுமாம். என் சிரிப்பு போயே போச்சு.

கேள்வி நேரம். என் கையைப் பிடித்துத் தூக்கியது சபீனா, பிசாசு! அம்மாவைச் சொன்னேன். மழை வந்தால் சரியாகுமா மேடம்? பின் பெஞ்சில் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"வெயில் மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா மழைக்குக் காத்திருக்காதீங்க. இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க."

நன்றிகூடச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். மடச்சி.

16.7.2005, சனி
பாண்டி கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் நின்றபடியே. கண்புரை, இரண்டு கண்ணிலும். ஆபரேஷன் செய்தால் கண் தெரியும் என்றார் டாக்டர். அம்மா: "கண்ணைத் தோண்டிடுவாங்களா?" சபீனா துணைக்கு வந்தாள். நல்ல பிசாசு.

28.7.2005, வியாழன்
லேசான தூறல். வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நாலு நாள். அந்த மேடம் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலம் அம்மா அந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ஐயோ, இம்மாம் மண்ணா! மேஸ்திரிய என்னா பேச்சு பேசிட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "நீயும் பாத்தே இல்ல? ஏன்டி சொல்லல?"

அழுகைதான் வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னத்துல எப்படி இத்தினி பரு?"