ஐஸை எடுத்த பிறகு பத்து நிமிடம்

சிஸ்டர்,

இன்று காலை கேஷுவாலிட்டிக்குள் நுழைந்ததுமே மீன் ஐஸின் வாடை அடித்தது. தார்ப்பாயில் சுற்றிய இரண்டு கால்கள், சுற்றிலும் உடைத்த ஐஸ், அதில் ஒட்டிக்கொண்டிருந்த செதில்கள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்து ஆள். படகைக் கரையேற்றும்போது முட்டியில் அடி. புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் எக்ஸ்ரேயை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "முதல்ல ஐஸை எடும்மா. பத்து நிமிஷம் கழிச்சுப் பாக்கலாம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முன்பு நான் உங்களை அப்படித்தான் பார்த்தேன்.

அன்றும் இதே வாடைதான். என்ன கிழமை என்று நினைவில்லை, காலை ஒன்பதரை மணி என்பது மட்டும் மறக்கவில்லை. மீன் ஏற்றும் குட்டி வண்டியில் தம்பியைப் படுக்க வைத்துச் செங்கல்பட்டு வரை கொண்டுவந்திருந்தார் அண்ணன்காரர். அலையில் படகு திரும்பி, தம்பியின் வலது முட்டியில் மோதி, கால் பக்கவாட்டில் மடங்கிவிட்டதாம். "கோணிகினு கெடந்துச்சு சார். நான்தான் புட்ச்சு இஸ்தேன். டொக்குனு உள்ள போயி நேராயிட்ச்சு. வீங்கக் கூடாதுன்னு ரெண்டு காலையும் சேத்துக் கட்டி, ஐஸ்ல போட்டு எட்தாந்தோம்" என்றார். மீனைக் கெடாமல் கொண்டுவரத் தெரிந்தவர்கள், காலையும் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு எதுவும் முறியவில்லை. மூட்டு அதன் இடத்தில் இருந்தது. உள்ளே ஜவ்வுகள் அறுந்திருக்கும், வீக்கம் வடியட்டும், ஸ்கேன் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பாதத்தில் நாடி பிடிபடவில்லை. ஐஸில் இருந்த பாதத்தில் எப்படிப் பிடிபடும்? இரண்டு பாதமும் ஒரே மாதிரிதான் சில்லென்று இருந்தன. "குளிர்ச்சியால் நாடி தெரியவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். ஐஸ் அப்படியே இருக்கட்டும், வீக்கத்துக்கு நல்லது என்று உங்களிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

முட்டி விலகும்போது அதன் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழியலாம், அடைத்துக்கொள்ளலாம். மூட்டு நேரானாலும் குழாய் நேராகாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் போயாக வேண்டும், இல்லையென்றால் காலை எடுக்கும் நிலைமை வந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தானே நான்.

நீங்கள் கேண்டீன் வாசலுக்கே வந்துவிட்டீர்கள்.

"சார், நான் ஐஸ எட்த்துட்டேன். பத்து நிமிஷம் ஆவுது. நல்ல காலு சூடாயிட்ச்சு. அடிபட்ட காலு இன்னும் மீனாட்டம் கீது."

யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று சிடுசிடுத்தேன். நீங்கள் என் கையிலிருந்த கிளாஸை வாங்கி வைத்தீர்கள். "டீ அப்புறம் குடிக்கலாம். வந்து தொடுங்க சார். ரெண்டையும் ஒரே நேரத்துல தொடுங்க."

தொட்டேன். ஒரு கையில் வெதுவெதுப்பு, மறு கையில் ஐஸ். நாடியின் ஓசையைக் கேட்க டாப்ளரை வைத்தோம். இடது பாதத்தில் சீராகச் சத்தம் வந்தது, வலதில் வெறும் இரைச்சல். அண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "இன்னாச்சு சார்? நான் இஸ்ததாலயா?" என்று கேட்டார். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அடிபட்டது ஏழு மணிக்கு. சுவரில் அப்போது பத்தே முக்கால்.

ரத்தக்குழாய் டாக்டர் மறைமலைநகரில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் தொடையிலும் கீழ்க்காலிலும் கம்பிகளைப் பொருத்தி, வெளியே சட்டம் மாட்டி, முட்டியை அசையாமல் நிறுத்தினேன். தியேட்டரில் ஆள் போதவில்லை என்று நீங்களும் உள்ளே வந்தீர்கள். "பன்னெண்டு இருவது சார்." "பன்னெண்டரை சார்." எனக்கு எரிச்சலாக வந்தது.

"மணி சொல்லாதீங்க சிஸ்டர்."

"நான் சொல்லாட்டி நின்னுடுமா சார்?"

இடது காலிலிருந்து ஒரு ரத்த நரம்பை எடுத்து, அடைத்த குழாய்க்குப் பதிலாக வைத்துத் தைத்தார், வந்து சேர்ந்த ரத்தக்குழாய் டாக்டர். ஒன்றே கால் மணிக்கு, குழாயை இறுக்கியிருந்த கிளாம்ப்பைத் திறந்தார். நீங்கள் துணிக்கு அடியில் கையை விட்டு அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "சூடு வருது சார்" என்றீர்கள். எனக்கு அழுகையில் வாய் கோணிவிட்டது. மாஸ்க் இருந்தது, தப்பித்தேன். கெண்டைக்கால் சதை வீங்கி நசுங்கிவிடாமல் இருபுறமும் கீறித் திறந்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது, உங்கள் கூடுவாஞ்சேரி ரயில் போயிருந்தது. ஜவ்வுகளைப் பிறகு சரிசெய்தேன். அந்தத் தம்பி கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார், ஆனால் தன் இரண்டு கால்களால் நடந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தக் கேஸைப் பற்றி நான்தான் பேசினேன். கைதட்டினார்கள். டீயைப் பற்றியும் சொல்லவில்லை, உங்களைப் பற்றியும் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்தீர்கள். வெளியே வந்ததும், "நல்லா பேசினீங்க சார்" என்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

இன்று பத்து நிமிடம் கழித்து இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தேன். இரண்டும் சூடேறியிருந்தன, இரண்டிலும் நாடி துடித்தது. எதற்கு இப்படி என்று அந்தப் பெண் கேட்டாள். "இங்க ஒரு சிஸ்டர் இருந்தாங்கம்மா. நான் கோட்டை விட்டேன், அவங்க கண்டுபிடிச்சாங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. நீங்கள் போயே ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உங்கள் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியிலிருந்து உங்களை எடுத்துக் கிடத்தியதும், எல்லோரும் வரிசையாகக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். நானும் குனிந்தேன். இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் தொட்டேன். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கணவர் தோளைத் தொட்டு, "எழுந்துருங்க சார், நேரமாவுது" என்றார்.

"பத்து நிமிஷம்" என்றேன்.