ஒன்பதாவது ஃபாரம்

மார்ச் 4

பசைக்கு,

ஊசி எழுதுகிறேன். புத்தகம் தைத்து ஒட்டுகிற அந்த பைண்டிங்கில் ஃபோர்மேன் நமக்கு வைத்த பேர் உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. எனக்கு எதுவுமே மறப்பதில்லை. அதுதான் உங்கள் வியாதி என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். ஃபோர்மேனுடைய மகளை நச்சரித்து உன் விலாசம் வாங்கினேன். முப்பத்தெட்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுவது சுகம் விசாரிக்க இல்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். சுகமா?

விஷயத்துக்கு வருகிறேன். நாம் மடித்தோமே தொட்டில் நாவல், மாடியறையில் யாருமில்லாமல் தொட்டில் ஆடும், கீழே அந்தத் தாய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அதை இரண்டாம் தடவை சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். என் பேத்தி பேய்க்கதைப் பைத்தியம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பழைய படம் வந்தபோது இங்கே தியேட்டர் எப்படி இருந்தது தெரியுமா? தொட்டில் கிரீச்சென்றதும் முன் வரிசை ஆள் ஒருவர் ஒற்றைச் செருப்போடு வெளியே ஓடினார். இப்போது அதே கிரீச்சுக்குப் பிள்ளைகள் பாப்கார்னைக் கொறித்தபடி சிரிக்கிறார்கள். ரத்தம் வந்தால் விசில். பயப்படுவதற்குக் காசு கொடுத்து வந்துவிட்டு, பயப்படாததைப் பெருமையாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். முடிவுதான் எனக்குத் தெரியுமே, படிக்கட்டில் கூட்டம் நெரிக்குமுன் இறங்கிவிடலாம் என்று நான் கால் மணி முன்னாலேயே எழுந்து வந்துவிட்டேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

அடுத்த வாரம் பேத்தியின் கூட்டாளிகள் லைப்ரரியில் கூட்டம் போட்டார்கள். எல்லாம் பேய்க்கதை ரசிகர்கள். முதல் பதிப்பைக் கையால் மடித்தவர் என்று எனக்கு நாற்காலி, மைக், தண்ணீர் பாட்டில். நான் சொன்னேன்: பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அந்த நாவல் ஒன்பது ஃபாரம். ஒற்றைப்படை ஃபாரமெல்லாம் என் மேஜைக்கு வரும், இரட்டைப்படை எதிர் மேஜைக்காரிக்கு. மடிக்கும்போதே படிப்போம். அவள் படித்ததை எனக்குச் சொல்வாள், நான் படித்ததை அவளுக்குச் சொல்வேன். இரண்டு பேரும் பேசினால்தான் முழுக்கதை. கைதட்டினார்கள். அதுவரை நல்ல மரியாதை.

அப்புறம் ஒரு தாடிக்காரப் பையன் எழுந்தான். "அந்தக் காலத்து வாசகர்களுக்கு முடிவு தாங்கல பாட்டி. குழந்தையக் காப்பாத்துங்கன்னு கார்டு கார்டா எழுதிப் போட்டிருக்காங்க. அதுக்குப் பயந்துதான் பழைய படத்துல முடிவ மாத்திட்டாங்க. எங்களுக்கு அந்த ஏமாத்து வேலையெல்லாம் வேண்டாம். புஸ்தகத்துல இருக்கறது இருக்கறபடி வேணும். புதுப் படத்துல அப்படித்தான் எடுத்திருக்காங்க."

"என்னத்தை மாத்தினாங்க?" என்றேன். "படத்துல டாக்டர் மடியில கண்ணு முழிக்கும். கதையில தானா மாடிப்படி இறங்கி வந்து அம்மாகிட்ட தண்ணி கேக்கும். எப்படியும் குழந்தை உசுரோடதானே இருக்கும்?"

அந்தக் கூடமே சிரித்தது. கையில் புத்தகம் வைத்திருந்த பெண் ஒருத்தி, பாவம், மரியாதையாகத்தான் கேட்டாள்: "எந்தப் பக்கம் பாட்டி?"

பக்கம் எனக்கெப்படித் தெரியும்? ஒற்றைப்படையானாலும் ஒன்பதாவது ஃபாரம் மட்டும் என் கைக்கே வரவில்லையே. அதன் கதையை எனக்குச் சொன்னவள் நீ. முடிவு தெரிந்த கதையை யாராவது தேடிப்பிடித்துப் படிப்பார்களா? நான் படிக்கவில்லை.

"நீயே படிச்சுப் பாரு பாட்டி" என்று பேத்தி புத்தகத்தைக் கொடுத்தாள். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். உன் வாயால் கேட்ட கதை. பொய் என்றால் அதையும் உன் வாயாலேயே கேட்க வேண்டும். பதில் போடு.

ஊசி


மார்ச் 15

அன்புள்ள ஊசி,

கவரைப் பார்த்ததுமே உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. இன்னும் தையல் போட்ட மாதிரியே எழுதுகிறாய்.

சுகமாக இருக்கிறேன். ஒரு தையல்கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. மகன் கீழே கடைக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்கிறான். முழங்கால் ஒத்துழைக்காததால் நான் படி இறங்கி நாலு மாதம் ஆகிறது. சாப்பாடு மேலே வந்துவிடும். பகலெல்லாம் தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதுவே பேச்சுத் துணை. அது நிற்கிற ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம்.

நாவல் சமாசாரம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மாதத்துக்கு நாலு நாவல் மடித்தோம். வேறு ஏதாவது கதையின் முடிவை மாற்றிச் சொல்லியிருப்பேன். விடு. நீ அந்தப் புத்தகத்தைப் படிக்காதே. பொடி எழுத்து, கண்ணுக்குக் கெடுதல். பேத்தியிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

பழைய படத்தில் செருப்பை விட்டுவிட்டு ஓடியவரைப் பற்றி எழுதியிருந்தாய். ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். மெஷின் ஓட்டுகிற பெண் என்னவோ என்று மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பசை


மார்ச் 24

பசைக்கு,

கண்ணுக்குக் கெடுதலா? என் கண்ணைப் பற்றி உனக்கு இப்போதுதான் கவலை வந்ததா?

மாற்றிச் சொல்லியிருப்பாயாம். நீ சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன், கேள். "பதிமூணு படி ஏறிப் போயிக் கதவத் தொறக்கறா. தொட்டில் காலி. திரும்பிப் பாத்தா குழந்தை படியில இறங்கிப் போயிட்டிருக்கு. கடைசிப் படியில உக்காந்துக்கிட்டு, அம்மா தண்ணின்னு கேக்குது. அவ்வளவுதான்டி, முடிஞ்சிருச்சு." தொட்டில் குழந்தைக்கு அதற்குள் எப்படிப் பேச்சு வரும் என்று நான் கேட்டேன். "பேய்க்கதையில போயிக் கணக்குப் பாக்குறியே" என்றாய். வேறு கதையை மாற்றிச் சொல்கிறவளுக்குப் படி எண்ணிக்கையெல்லாம் தெரியுமா? என்னை ஏமாற்ற உனக்கு வயது போதாது.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதவைத்துவிட்டாய். எட்டு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நான் வீட்டில் கிடந்தேன், பத்து நாள். பைண்டிங்கிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அட்டை வெட்டுகிறவர் வந்தார். எனக்கு ஆகவே ஆகாத அந்த ஃபோர்மேன் கூட வந்து வாசலில் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போனார். இரண்டு தெரு தள்ளியிருந்த நீ வரவில்லை. கதவு ஒவ்வொரு தடவை தட்டும்போதும் நீ என்று நினைத்தேன். பதினோராம் நாள் வேலைக்கு வந்தால் என் மேஜை துடைத்து வைத்தமாதிரி காலி. நீ என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டில் கதை முடிவு தெரியுமா என்று ஆரம்பித்தாய். ஒரு மனுஷிக்குச் சொல்கிற ஆறுதலா அது?

நானும் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதோடு மனசில் குறித்தும் வைத்தேன். அந்த வருஷக் கடைசியில் நீ ஊரை விட்டுப் போனபோது எல்லோரும் வழியனுப்ப வந்தார்கள், நான் வரவில்லை. நீ வராததுக்குப் பதில் அது. சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். சரியாகப் போகவில்லை.

வருகிற பத்தாம் தேதி பேத்தி வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். அப்புறம் வீட்டில் நானும் டிவியும்தான். அன்றைக்குச் சாவகாசமாக உட்கார்ந்து ஒன்பதாவது ஃபாரத்தைப் படிக்கப் போகிறேன். அதற்குள் சொல்வதென்றால் சொல்.

ஊசி


ஏப்ரல் 2

ஊசி,

படிக்காதே. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய், என்னால் இப்போது குனியவும் முடியாது. ஆனாலும் அப்படியே நினைத்துக்கொள்.

உன் பிள்ளை போன மறுநாள் ஒன்பதாவது ஃபாரம் அச்சாகி வந்தது. இருபதாயிரம் தாள். ஒற்றைப்படை என்பதால் உன் மேஜையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். எட்டாவது ஃபாரத்தில் கதை அந்தத் தாய் கதவில் கை வைத்ததோடு நின்றிருந்ததே, எனக்குப் பொறுக்கவில்லை. நின்றபடியே மேல் தாளை எடுத்துப் படித்தேன்.

அந்தத் தாய் களைத்துப்போய்க் குழந்தையின் பக்கத்தில் படுத்தவள். இதற்குமேல் எழுத மாட்டேன்.

உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஃபோர்மேன் எங்களிடம் சொல்லியிருந்தார். டாக்டர் நெஞ்சில் சளி கட்டியதென்று சொல்லியும் நீ கேட்காமல், "நான்தான் தூக்கத்துல பொரண்டுட்டேன், நான்தான், நான்தான்" என்று சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறாய் என்று. அப்படிப்பட்டவள் திரும்பி வந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கத்தைத்தான் இருபதாயிரம் தடவை மடிக்க வேண்டும்.

ஃபோர்மேனிடம் போனேன். "பத்து நாள்ல வந்துருவா. அதுக்குள்ள அவ மேஜை வேலையையும் நானே பாத்துக்கறேன் சார். வெளியாள் வேண்டாம்" என்றேன்.

"ரெண்டு மேஜையுமா? பத்து நாள்லயா? உனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?"

"ஆமா சார். பிடிச்சிருக்கு."

பூட்டைத் திறக்குமுன்பே போய் வாசலில் நிற்பேன். சாப்பிடுகிற நேரத்திலும் மடித்தேன், ஞாயிற்றுக்கிழமையும் மடித்தேன். மடித்ததை அன்றன்றே தைக்க அனுப்பினேன். கட்டை விரல் இரண்டும் வெடித்துவிட்டது. கெட்டுப்போன தாளில் ஒன்று உன் கையில் சிக்கினாலும் போச்சு என்று அத்தனையையும் பசைச்சட்டியில் ஊறப்போட்டுக் கூழாக்கினேன். நேரமில்லாததால் வரவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் உன் தெருமுனை வரை வந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று பயந்து திரும்பிவிட்டேன். பேய்க்கதை மடித்துப் பிழைத்தவள் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

நீ வந்ததும் முடிவைக் கேட்பாய் என்று தெரியும். படி பதிமூன்று எப்படி வந்தது தெரியுமா? நம் பைண்டிங் மாடிப்படி பதிமூன்று. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லும்போது எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. அதனால் குழந்தை தண்ணீர் கேட்டது.

அந்தத் தாடிக்காரப் பையனிடம் ஒன்று சொல். வாசகர்கள் கார்டு போட்டது நிஜம்தான். நாவலை எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இந்த ஊரிலிருந்து நானும் போட்டேன். நாலு பேர் எழுதிய மாதிரி, நாலு மையில் நாலு கார்டு. குழந்தையைக் கொன்றால் எங்கள் குடும்பத்தில் யாரும் தியேட்டருக்கு வரமாட்டோம் என்று மிரட்டல் வேறு. உனக்குத் தெரிந்துவிடக் கூடாதே. படம் வந்ததும் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். டாக்டர் மடியில் குழந்தை கண் விழித்தபோது எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் சிரித்தேன்.

இப்போதைய பிள்ளைகள் இருக்கிறபடியே வேண்டும் என்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு அது கதை.

நீ படிக்காதே.

பசை


ஏப்ரல் 12

அடி பசை,

பேத்தி முந்தாநாள் கிளம்பிவிட்டாள். பெட்டியை இறக்கி வண்டியில் வைத்துவிட்டு மேலே வந்து கதவைச் சாத்தினேன். டிவியைப் போட்டால் அதுபாட்டுக்குப் பேசுகிறது. நிறுத்தினால் மேல்வீட்டில் யாரோ ஆடுநாற்காலியில் ஆடுகிற சத்தம் கேட்கிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்தேன்.

பயப்படாதே. படிக்கவில்லை. பக்கக் கணக்கு மாறாத மறுபதிப்புதான். நூற்று இருபத்தெட்டாம் பக்கம் வரை விரலால் எண்ணிக்கொண்டு போய், மிச்சப் பதினாறு பக்கத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்து இழுத்தேன். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எவன் தைக்கிறான், வெறுமனே ஒட்டுகிறான். உன் பசையாக இருந்தால் வந்திருக்குமா? பேத்தி பார்த்தால் சண்டைக்கு வருவாள். வரட்டும், சண்டைக்காவது வரட்டும்.

அந்தப் பதினாறு பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே மடித்தேன். கை மறக்கவில்லை, மடிப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று பார். ஒற்றைப்படை என் மேஜைதான். இருந்தாலும் நீயே வைத்துக்கொள்.

ஒன்று உனக்குத் தெரியாது. பதினோராம் நாள் வேலைக்கு வந்தேனே, வேலை செய்ய வரவில்லை. ஃபோர்மேனிடம் சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்தேன். எங்கே போவதாக இருந்தேன் என்று நீ கேட்காதே, நான் சொல்லவும் மாட்டேன். நீ பிடித்து உட்காரவைத்துக் கதை சொன்னாய். அந்தக் குழந்தை படி இறங்கி வந்து தண்ணீர் கேட்டது. கேட்ட குழந்தைக்குக் கொடுக்காமல் எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன். இந்த முப்பத்தெட்டு வருஷமும் அது ஒரு நாள் தவறாமல் இறங்கி வருகிறது. அதற்கு வயதே ஆகவில்லை, எனக்குத்தான் ஆகிறது.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எழுதிப் பழகவில்லை. இப்போது ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவை அடித்துத் திருத்தவேண்டி வந்தது. நீ படித்துக்கொள்.

நீ வராத பத்து நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்காக எனக்கு உன்மேல் கோபமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. இத்தனையும் மனசில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்தாயே, அதற்குப் புதுக்கோபம் நேற்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அதை எழுத்தில் தீர்க்க முடியாது. நேரில்தான் தீர்க்க வேண்டும்.

உன்னால் இறங்க முடியாது, தெரியும். தையல்கடையிலிருந்து உன் அறைக்கு எத்தனை படி என்று எண்ணச் சொல்லி எழுது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வருகிறேன். பதிமூன்று வரைக்கும் எனக்குப் பழக்கம்தான்.

ஏறி வந்ததும் தண்ணீர் கேட்பேன். செம்பில் எடுத்து வை.

ஊசி