காலி வீல்சேரோடு ஏரிக்குப் போன கதை

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் இருமல் தேவலையா? எனக்கு அலுப்பைத் தவிர வேறு நோவு இல்லை. இன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். நீங்கள் போனில் கூப்பிடும்போது சொன்னால் பக்கத்திலேயே நிற்கும் நம் வாலுவின் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஏரிக்குக் கூட்டிப்போகிறார்கள். வீல்சேர் தள்ள நானும் வர வேண்டும் என்று டீச்சர் வழக்கம்போலச் சொல்லி அனுப்பினார். நானும் லீவு கேட்டு, தையல் யூனிட் சூப்பர்வைசரிடம் வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மா வந்தால் நான் போகமாட்டேன் என்கிறாள். மற்றவர்கள் கும்பலாகக் கொட்டமடிப்பார்களாம், இவள் மட்டும் போன வருடம் மாதிரி ஏரிக்கரைத் தடுப்போரம் அம்மாவோடு உட்கார்ந்து எல்லோர் பைக்கும் காவலாம். எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காக நாயாய் அலைகிறேனே என்று அழுதுவிட்டேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லைங்க.

நான் வராமல் கூட்டிப்போக முடியுமா என்று டீச்சரைப் போய்க் கேட்டேன். பாவம், அவரும் ஓய்ந்து போயிருந்தார். இத்தனை பிள்ளைகளுக்கு இரண்டே பேர், வழி எப்படி இருக்கும் என்று தெரியாமல் எந்த தைரியத்தில் தனியாகக் கூட்டிப்போவது என்றார்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குப் போனேன். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பிள்ளையை எங்கே விட்டாய் என்று ஒருவர் கேட்டே விட்டார். பாதை பரவாயில்லை. கால் வலி தாங்காமல் தடுப்போரம் நிறுத்தி, நானே அதில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஏரியே தெரியவில்லைங்க. கண்ணுக்கு நேரே வெறும் பலகை. போன வருடம் இதே இடத்தில்தான், பறவையைப் பார்த்தாயா என்று நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்த்தேன், பார்த்தேன் என்றாள். எனக்காகச் சொல்லியிருக்கிறாள், கள்ளி.

குப்பை வண்டி வரும் பின்வாசல் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் தடுப்பு முட்டி உயரம்தான், உட்கார்ந்தாலும் தண்ணீர் நன்றாகத் தெரிகிறது. படியும் இல்லை. டீச்சரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இவளைத் தனியாக அனுப்ப ஆளில்லை, எல்லோரையும் அந்த வழியிலேயே கூட்டிப்போகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றார். வீல்சேர் தள்ள வகுப்பில் அடிதடியாம்.

காலையில் பஸ் ஏற்றிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதாவது என்றால் ஓட வேண்டுமே என்று லீவை அப்படியே வைத்துக்கொண்டேன். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து நீங்கள் போனில் பேசும்போது, அம்மா இல்லாமல் பயந்தாயா என்று கேட்டுவிடாதீர்கள். ஏரியில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டால் எனக்காக ஏதாவது சொல்லிவிடுவாள். அடுப்படியில் வேலையாக இருப்பதுபோல நின்று, நானும் கேட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி