நீ செபம் செய்துகொண்டிருக்கவில்லை, லூர்து

அருமைத் தங்கச்சி லூர்துக்கு,

நீ சாவியை எடுக்க ஓடினாய். அதை இவர்கள் செபம் என்று சொல்லிவிட்டார்கள். உனக்குச் செய்யப்பட்ட அநியாயம் இதுதான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன வாரம் உன் முதலாண்டு நினைவு. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே "மாதாவின் பாதத்தில் செபித்தபடியே இறைவனிடம் சென்றவர்" என்று அச்சடித்திருந்தார்கள். படம் நல்ல படம்தான். ஸ்டெல்லா கல்யாணத்தன்று அந்தப் பச்சைச் சேலையில் எடுத்தது. வாசகம்தான் பொய். கேரி தீவுத் தோட்டத்துப் பள்ளியில் பாதியில் நின்றவள் நான். பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டேன். அதில் பொய் வந்தால் எனக்குப் பொறுக்காது. அதே பத்திரிகைக்குத்தான் இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். நீ படிக்கப்போவதில்லை. படிக்க வேண்டியவர்கள் படிக்கட்டும்.

உனக்கு நடந்ததை உனக்கே சொல்லவேண்டியிருக்கிறது, பார்.

உன் மகள் ஸ்டெல்லாவுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. அவளுக்குச் சுகமாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று மாதாவுக்கு நவநாள் தொடங்கினாய். நாளுக்கொரு மெழுகுதிரி. ஏற்றிய நேர்ச்சைத் திரியை இடையில் அணைத்தால் நேர்ச்சை முறிந்துவிடும், அது தானாகவே எரிந்து முடிய வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டல்லவா? யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நீ எதைப் பிடித்தாலும் கெட்டியாகப் பிடிப்பவள். அன்று மத்தியானம் திரியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டாய். திரி எரிந்துகொண்டிருக்க, கூடத்து நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாய்.

திரி நின்றது கூடத்துப் பீடத்தில், மார்ஜரின் டப்பா மூடியின் மேல். நாலு சொட்டு மெழுகை உருக்கிவிட்டு, அதில் அடியை அழுத்தி நிறுத்தி வைப்போமே, அப்படி. திரி உயரமாக இருக்கும்வரை மூடிக்கு ஒன்றும் ஆகாது. முடியும்போதுதான் சுடர் கீழே இறங்குகிறது. மூடி உருகித் தீப்பிடித்திருக்கிறது. மூடிக்கு அடியில் பின்னல் விரிப்பு, சுற்றி நீ அழகாக வைத்த பிளாஸ்டிக் பூமாலை, கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் துணி. மேலே காற்றாடி வேறு.

வாசல் கிரிலில் இரண்டு பூட்டு. சாவி அடுப்படியில், காலண்டர் மாட்டிய ஆணியில். வாசல் பக்கம் மாட்டினால் திருடன் கம்பிக்குள் கைவிட்டு எடுத்துவிடுவான் என்று அங்கே மாட்டியிருந்தது. கிள்ளானில் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் போனாலும் இதே கதைதான். திருடன் உள்ளே வரக்கூடாது என்று எல்லோரும் யோசித்தோம். நாம் அவசரமாக வெளியே போகவேண்டி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நீ செபத்தில் இருந்தாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். கேட்டால் தெரியும். பக்கத்து வீட்டு மலாய்க்காரி ரோஸைக் கேட்டேன். நோன்புப் பெருநாளுக்கு உனக்குக் கேத்துப்பாட் சோறு கொண்டுவந்து தருவாளே, அதே ரோஸ். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ "தோலோங்! தோலோங்!" என்று கத்தினாயாம். அவள் கணவன் சுத்தியலை எடுத்துவந்து பூட்டை அடித்திருக்கிறான். உடையவில்லை. போம்பா தீயணைப்புக்காரர்கள் வந்துதான் கிரிலை அறுத்தார்கள். அதற்குள் புகை உன்னை முடித்துவிட்டது.

செபம் செய்கிறவள் உதவி என்று மலாயில் ஏன் கத்தப்போகிறாள்? மாதாவுக்குத் தமிழ் தெரியாதா? நீ கூப்பிட்டது ரோஸை. அவளுக்குப் புரிய வேண்டும் என்று அவள் பாஷையில் கூப்பிட்டிருக்கிறாய். அந்தப் புகையிலும் உனக்கு அவ்வளவு தெளிவு இருந்திருக்கிறது. நீ எங்கே கிடந்தாய் என்று கிரிலை அறுத்த போம்பாக்காரரையும் கேட்டேன். அடுப்படி வாசலில் என்றார், ஒரு கை உள்ளே நீண்டிருந்தது என்றார். பீடம் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது, லூர்து.

அப்புறம் எப்படி இந்தக் கதை வந்தது? மாதா படத்தால் வந்தது. வீட்டில் பாதி கருகியும் படம் எரியவில்லை. உடனே "புதுமை" என்றார்கள். ஜன்னல் இடது பக்கம், படம் மாட்டியது வலது பக்கச் சுவரில், அது சிமெண்டுச் சுவர். தீ துணியைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாக ஏறியிருக்கிறது. அதே வலது சுவரில் உன் பழைய கடிகாரமும் இருந்தது. அதுவும் எரியவில்லை. அதற்கு யாரும் மாலை போடவில்லை. மாதா மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ கத்தியதை அவள் பெயரைச் சொல்லி மறைக்கிறார்களே, அதுதான் வருத்தம்.

அந்தப் படம் இப்போது பிரிக்பீல்ட்ஸில், ஸ்டெல்லாவின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் பிலோமினா தலைமையில் பெண்கள் வந்து செபமாலை சொல்கிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு திரி கொண்டுவந்து படத்துக்குக் கீழே ஏற்றுகிறார்கள். எதன் மேல் தெரியுமா? செருப்பு அலமாரியின் மேல். எதில் நட்டு என்று கேட்காதே. மூடிகளில்தான்.

உன் பேத்தியைப் பற்றி உனக்கு இன்னும் சொல்லவில்லையே. நீ போன சில வாரத்தில் பிறந்தாள். உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. எதைப் பிடித்தாலும் விடமாட்டாள். அதில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

உன் ஆண்டுப் பூசை முடிந்து எல்லோரும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனோம். செபம் முடிந்ததும் வெளி நடையில் மேசை போட்டு மீஹூனும் கோழிக் கறியும் வைத்தார்கள். கூட்டம் முழுக்க வெளியே போய்விட்டது. பிள்ளை கூடத்தில் மெத்தையில் தூங்குகிறாள். காற்றாடி சுழல்கிறது. அலமாரி மேல் திரிகள் எரிந்து எரிந்து குட்டையாகிவிட்டன. மாலையின் ஒரு நுனி காற்றில் ஆடி ஆடிச் சுடரைத் தொடப் பார்க்கிறது.

நான் அடுப்படிக்குப் போய் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவந்து ஒவ்வொரு திரியாகக் கவிழ்த்து மூடினேன். ஐஸ் எடுக்க உள்ளே வந்த பிலோமினா பார்த்துவிட்டாள்.

"ஐயையோ பெரியம்மா, என்னா பண்றீங்க? நேர்ச்சைத் திரி அது! ஊதிட்டீங்களா?"

"ஊதல. மூடினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா!"

"கோயில்ல பூசை முடிஞ்சா என்னா பண்றாங்க? நீளக் கம்புல பித்தளைத் தொப்பிய வச்சு மூடலையா? எரிஞ்சு முடியட்டும்னு ஃபாதர் உக்காந்து காத்திருக்காரா? அங்க முறியாத நேர்ச்சை இங்க மட்டும் எப்படி முறியும்?"

"அது கோயில் பெரியம்மா. கோயிலும் வீடும் ஒண்ணா?"

"அதத்தான் நானும் சொல்றேன். கோயில்ல புள்ள தூங்கல. கோயில்ல ஆள உள்ள வச்சு ரெண்டு பூட்டு போடல."

வெளியிலிருந்து யாரோ, "போம்பா ஆன்டி வந்தாச்சு, தண்ணி பைப்ப எடுத்துக் குடுங்க!" என்றாள். நடை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும். அந்தப் பட்டத்தை நான் வைத்துக்கொள்கிறேன். கேவலமான பட்டம் ஒன்றும் இல்லை.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. டம்ளர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா செபத்துல போனாங்க பெரியம்மா. எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் பிடுங்காதீங்க."

"உங்கம்மா செபத்துல போகல ஸ்டெல்லா. தோலோங்னு கத்திக்கிட்டு சாவியத் தேடிப் போனா. பொழைக்கப் பாத்தா. அதைச் சொன்னா அவளுக்கு என்ன கொறைச்சல்?"

ஸ்டெல்லா அடுப்படிக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். நான் விடுகிறவளா?

பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த ரெண்டாவது பூட்ட வாங்கிப் போட்டதே நான்தான். சாவிய உள்ள மாட்டும்மான்னு சொன்னதும் நான்தான். நவநாளும் எனக்காகத்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ செபத்தில் போனாய் என்றால், அந்தப் பிள்ளை இரவில் தூங்கலாம். நீ சாவியைத் தேடினாய் என்றால், அந்தச் சாவியை அங்கே மாட்டச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். ஒரு வருஷமாக அந்தக் கேள்வியின் மேல் மாதா படத்தை வைத்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

நான் இரங்கினேனா என்று கேட்பாய். அணைத்துக்கொண்டேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆத்தா தனியா இருக்காளேன்னுதான் பூட்டு வாங்கின. அது அன்பு. உன் மேல யாரும் பழி போடல, உங்கம்மா போடவே மாட்டா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

அவள் தலை திரும்பியது. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் தொங்கியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூடத்தில் பிள்ளை எழுந்து அழுதது.

நான் கிளம்பும்போது கதவைப் பூட்ட அவளே சாவியோடு வந்தாள். கிரிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்படிக்குப் போகவில்லை, வேறெங்கும் மாட்டவும் இல்லை. அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. எங்கே மாட்டியிருப்பாள், லூர்து? ரயிலில் கிள்ளான் வரும்வரை அதுவே ஓடிக்கொண்டிருந்தது. உன் பேத்தி தூங்குகிற வீடு அது. உன் மகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நீ வேண்டிக்கொண்ட வீடு அது.

அழுது ஓய்ந்தாகிவிட்டது. இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

ஸ்டெல்லா சாவியைக் கிரிலுக்குப் பக்கச் சுவரில் மாட்ட வேண்டும். வெளியிலிருந்து கை எட்டக்கூடாது, உள்ளிருந்து புகையில் தடவினாலும் கைக்குக் கிடைக்க வேண்டும். அவள் புருஷன் அதற்கான கொக்கியை இந்த வாரமே அடிக்க வேண்டும். இரண்டு பூட்டில் ஒன்றைக் கழற்றவும் வேண்டும். திரி ஏற்றினால் அகலமான எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி, அதில் நட்டு ஏற்ற வேண்டும். செருப்பு அலமாரி கூடாது, பிளாஸ்டிக் மாலை கூடாது, துணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது, பிள்ளைக்கும் எட்டக்கூடாது.

பிலோமினாவும் சனிக்கிழமைப் பெண்களும் ஆளுக்கொரு திரி கொண்டுவருவதை நிறுத்த வேண்டும். எல்லோருக்குமாக ஒன்று போதும். செபம் முடிந்து கடைசி ஆள் எழும்போது அதை மூடிவிட்டு எழ வேண்டும். மீஹூன், கோழிக் கறி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபாதர் அந்தப் பித்தளைத் தொப்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்துக் காட்டி, திரியை அணைத்தால் நேர்ச்சை முறியாது என்று பூசையிலேயே சொல்ல வேண்டும். நான் சொன்னால் கிழவி பேச்சு. அவர் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த ஆண்டு உன் படத்தைப் போடும்போது பத்திரிகை அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும். பிழைக்கப் போராடியவள் என்று போடட்டும். அதை எழுதித்தருகிற வேலை என்னுடையது.

இன்னொன்றும் என்னுடையது. சனிக்கிழமைதோறும் நான் பிரிக்பீல்ட்ஸ் போவேன். என்னைப் பார்த்துச் சிரித்தாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போவேன். உனக்காக ஒரு திரி ஏற்றி, அது எரிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எழவேண்டி வந்தால் மூடிவிட்டு எழுவேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன் முதலில் ஸ்டெல்லாவிடம் சாவி எங்கே என்று கேட்பேன். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக் காட்டும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் சத்தம் கேட்டதாக நினைத்து இன்னும் ராத்திரியில் எழுந்து உட்காருகிற
உன் அக்கா,
செபஸ்தியம்மா
பண்டமாரான்